சிறையிலிருந்து வந்தவர்கள் போடும் பாண்: எங்கள் பேக்கரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகருக்குச் சற்று வெளியே ஒரு சிறிய பேக்கரி நடத்துகிறோம். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள். கடைமுகப்பும் கணக்கும் என் பொறுப்பு. அதனால் ஊரின் சந்தேகங்கள் முதலில் என்னிடம்தான் வந்து சேர்கின்றன. பாண் வாங்க வருபவர்கள் கேட்கிறார்கள், கோயில் திருவிழாவில் சந்திப்பவர்கள் கேட்கிறார்கள், மா இறக்க வரும் லொறிச் சாரதி கேட்கிறார். உள்ளே வர மனமில்லாமல் வீதியோரம் நின்று என்னைக் கூப்பிட்டுக் கேட்கும் தாய்மாரும் உண்டு.

கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். கோபத்தோடு கேட்கப்பட்டவற்றையும் மாற்றவில்லை. எங்களிடம் வேலை செய்பவர் எவருடைய பெயரும் ஊரும் இங்கே இல்லை. அதற்கான காரணம் பின்னால் ஒரு பதிலில் வருகிறது.

"இது சிறைச்சாலைப் பாணா, மகள்?"

இல்லை, அம்மா. சிறைச்சாலைக்குள்ளே கைதிகள் பாண் போடுவது வேறு. அது சிறைச்சாலைகள் திணைக்களத்தின் கைத்தொழில் பகுதியைச் சேர்ந்தது. எங்கள் பேக்கரி மதிலுக்கு வெளியே இருக்கிறது. இங்கே வேலை செய்பவர் எவரும் கைதி அல்லர். தண்டனை முடித்தவர்கள், பிணையில் வந்தவர்கள், வழக்கில் விடுதலையானவர்கள் ஆகியோர் இருக்கிறார்கள். இரவு தங்கள் வீட்டிலிருந்து வருகிறார்கள், விடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள்.

அச்சுப் பாண், ரோஸ் பாண், சீனிச்சம்பல் பணிஸ், மீன் பணிஸ், கிம்புலா பணிஸ், றஸ்க் ஆகியவற்றைப் போடுகிறோம். நத்தார் காலத்தில் கேக்கும் உண்டு.

"ஏன் பேக்கரி? மேசன் வேலை, கடல் தொழில் என்று எத்தனையோ இருக்கின்றனவே?"

அந்த வேலைகளுக்கும் பலர் போகிறார்கள். கிடைத்தால் நல்லதுதான். ஆனால் வெளியே வந்த முதல் சில மாதங்களில் அவை கைகொடுப்பது கடினம். மேசன் வேலை இன்று இருக்கும், நாளை இருக்காது. வேலையில்லாத நாளில் கால் பழைய சந்திக்கே போகும். கடலுக்குப் போக வேண்டுமானால் நம்பி ஏற்றிச் செல்ல ஒரு படகு முதலாளி வேண்டும். வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போனவர் வழக்குத் தவணைக்குக் கரை திரும்ப முடியாமல் போனால் பிடியாணை வரும்.

பாணுக்கு ஓய்வு நாள் கிடையாது. வெள்ளம் வந்து வீட்டு அடுப்பு எரியாத நாட்களில்தான் ஊர் இன்னும் அதிகமாகப் பாண் கேட்கும். ஆகவே வேலை நாள் தவறாமல் இருக்கிறது. அதோடு, குழைத்த மா யாருக்காகவும் காத்திருக்காது. ஈஸ்ட் சேர்த்தால் அது தன் நேரத்துக்குப் பொங்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் மேற்பரப்புக் காய்ந்து வெடித்துவிடும், ஈரத்துணியால் மூட வேண்டும். மார்கழி மழையில் எழும்ப நேரமெடுக்கும். ஆண்டுக்கணக்காக மணிச் சத்தத்துக்கு எழும்பி, மணிச் சத்தத்துக்குப் படுத்தவர்களுக்குத் தாமாக நேரம் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் மறந்துபோகிறது. எந்த அதட்டலும் இல்லாமல் அந்தப் பழக்கத்தை மாவே திரும்பக் கற்றுக்கொடுக்கிறது.

இன்னுமொன்று இருக்கிறது. எனக்கு இதுவே முதன்மையானது. 50 கிலோ மா மூடை ஒன்றிலிருந்து ஏறத்தாழ 160 இறாத்தல் பாண் வரும். இரவு பத்து மணிக்கு மூடையில் இருந்தது விடியற்காலை நான்கு மணிக்குத் தட்டில் சூடாக அடுக்கியிருக்கிறது. எட்டு மணிக்கு முன் விற்று முடிகிறது. தன் கை செய்ததை ஊரார் காசு கொடுத்து வாங்கித் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்பதை ஒரு மனிதர் தினமும் கண்ணால் பார்க்கிறார். இதை எந்த ஆலோசனை வகுப்பாலும் கொடுக்க முடியாது.

"இது யாருடைய யோசனை? வெளிநாட்டுக் காசா?"

யோசனை பழையது. அமெரிக்காவில் நியூயோர்க்கில் பேர்னி கிளாஸ்மன் என்ற சென் பௌத்த ஆசிரியர் 1982 இல் கிரேஸ்டன் பேக்கரியைத் தொடங்கினார். அங்கே வேலை கேட்டு வருபவரிடம் நேர்முகத் தேர்வும் இல்லை, பழைய வரலாறு பற்றிய விசாரணையும் இல்லை. பட்டியலில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும், முறை வரும்போது அழைப்பார்கள். பெரிய ஐஸ்கிறீம் கொம்பனி ஒன்றுக்குச் சொக்லட் பிரவுணி செய்து கொடுத்து அந்தப் பேக்கரி நிலைத்தது. அடுத்தது லொஸ் ஏஞ்சல்ஸின் ஹோம்போய் பேக்கரி. 1992 கலவரத்துக்குப் பிறகு கிரெக் பொயில் என்ற இயேசு சபைக் குரு அதைத் தொடங்கினார். புனித மிக்கேல் கல்லூரியால் மட்டக்களப்பு மக்களுக்கு நன்கு தெரிந்த அதே இயேசு சபைதான். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த கும்பல்களின் இளைஞர்களை அவர் ஒரே மேசையில் மா குழைக்க வைத்தார். 1999 இல் அந்தப் பேக்கரி தீயில் எரிந்தது. பின்னர் திரும்பக் கட்டினார்கள். இன்று அங்கே 18 மாதப் பயிற்சி நடக்கிறது, கும்பல் அடையாளமாகக் குத்திய பச்சையை இலவசமாக அழித்தும் கொடுக்கிறார்கள்.

எங்களுக்கு வெளிநாட்டுக் காசு வரவில்லை. 2022 நெருக்கடியில் எரிவாயு, டீசல், மா எதுவும் கிடைக்காமல் பேக்கரிகள் மூடிக் கிடந்தபோது பழைய விறகுப் போறணை ஒன்று பயன்படுத்தப்படாமல் இருந்தது. அதை வாடகைக்கு எடுத்தோம். எரிவாயு வரிசையில் நிற்கத் தேவையில்லாத போறணை என்பதே அப்போது எங்கள் முதலீடு. சில நண்பர்கள் கடன் தந்தார்கள், சீட்டுப் பிடித்தோம், பாண் விற்றுக் கட்டினோம்.

"வருபவர் என்ன குற்றம் செய்தார் என்று கேட்பீர்களா?"

கேட்போம். கிரேஸ்டன் கேட்பதில்லை என்று மேலே சொன்னேன். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் நாங்கள் ஒரு சிறிய ஊரில், வீடு வீடாகப் பாண் கொண்டு போகும் பேக்கரி. வேலை கொடுப்பதா என்று தீர்மானிப்பதற்காக நாங்கள் கேட்பதில்லை. எந்த இடத்தில் நிறுத்துவது என்று தீர்மானிக்கவே கேட்கிறோம். அந்த விபரம் இருவருக்கு மட்டுமே தெரியும், பதிவுப் புத்தகத்தில் எழுதப்படாது.

கேட்கும்போது வரும் பதில்கள் ஊரின் கற்பனையிலிருந்து தூரமாக இருக்கின்றன. இலங்கையில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதியினர் நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாமல் போனவர்கள். கசிப்பு விற்றுப் பிடிபட்டு, கட்டக் காசில்லாமல் உள்ளே போன கூலித் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். காசு இருந்தவர் அதே குற்றத்துக்குக் காசைக் கட்டிவிட்டு அன்று மாலையே வீட்டுக்குப் போயிருப்பார். இப்படிப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சமூக சேவையில் ஈடுபடுத்துவதற்கு 1999 இன் 46 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம் அதற்காகவே இயங்குகிறது. அப்படி இருந்தும் சிறைகள் நிரம்பி வழிகின்றன. பாரதூரமான குற்றம் செய்தவர்களும் எங்களிடம் இருக்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை.

"விளக்கமறியலில் இருந்தவரும் சிறைக்குப் போனவர்தானே, என்ன வித்தியாசம்?"

பெரிய வித்தியாசம். விளக்கமறியலில் இருப்பவர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நாட்டில் ஆண்டுதோறும் சிறைக்குள் போகிறவர்களில் தண்டனை பெற்றவர்களைவிட இவர்களே அதிகம். மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு, வழக்கு நிரூபிக்கப்படாமல் விடுதலையாகிறார்கள். நீதிமன்றம் குற்றவாளி அல்ல என்று சொன்னவரை ஊர் 'உள்ளுக்குப் போய் வந்தவர்' என்கிறது. அவருக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. நாங்கள் இருக்கிறோம்.

"புனர்வாழ்வு பெற்ற பிள்ளைகளும் உங்களிடம் இருக்கிறார்களா?"

இதைக் கேட்பவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கிழக்கைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அது நீதிமன்றம் விதித்த சிறைத்தண்டனை அல்ல. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் வழக்கு முடியாமல் உள்ளே இருந்தவர்களின் நிலை வேறு. அது சிறைதான். இந்த இரு பகுதியினருக்கும் கதவு திறந்திருக்கிறது. எத்தனை பேர், யார் என்று எவர் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம்.

இங்கே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள். 1990 இல் இந்தக் கரையில் நடந்த படுகொலைகளில் இரு சமூகங்களும் என்ன இழந்தன என்பது தெரிந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நோன்பு மாதத்தில் ஒருவர் மாலை வேலையைத் தள்ளிப் பிடிக்கிறார், பொங்கலன்று மற்றவர் போறணையைப் பார்த்துக்கொள்கிறார். இதற்கென்று நாங்கள் எந்தக் கூட்டமும் நடத்தவில்லை. வேலைப் பட்டியல் ஒன்று எழுதினோம், அவ்வளவுதான்.

"சுத்தமாக இருக்குமா? நோய் நொடி ஏதும்…?"

எல்லாப் பேக்கரிக்கும் உள்ள விதிகளே எங்களுக்கும். உள்ளூராட்சி மன்றத்தின் வியாபார அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சோதனை, உணவைக் கையாள்பவர்களுக்கான மருத்துவச் சோதனை எல்லாம் உண்டு. 1980 இன் உணவுச் சட்டம் முதலாளியின் பழைய வாழ்க்கையையோ தொழிலாளியின் பழைய வாழ்க்கையையோ கேட்பதில்லை, தரையையும் தண்ணீரையும் நகத்தையும் பார்க்கிறது.

நிறையும் சரி. 2024 முதல் ஓர் இறாத்தல் பாண் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கட்டாயமாக்கியிருக்கிறது. வேகும்போது நீர் ஆவியாகும் என்பதால் 500 கிராம் அளவில் உருண்டை நிறுக்கிறோம். தராசில் நிற்பவர் களவு வழக்கில் உள்ளே இருந்தவர். ஓர் உருண்டை குறைந்தாலும் திரும்பக் குழைக்கச் சொல்வார், எங்களில் எவரும் அவரிடம் விவாதத்துக்குப் போவதில்லை.

"சோறு போட்டுச் சும்மா வேலை வாங்குகிறீர்களா?"

இல்லை. இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்வி, ஏனென்றால் அப்படி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 'உனக்கு வேறு யார் வேலை தருவார்கள்' என்ற ஒரு வசனத்தால் பாதிச் சம்பளத்துக்கு ஒருவரை நிறுத்திவிடலாம். அதை நான் சிறையின் நீட்சி என்றே கருதுகிறேன்.

பேக்கரித் தொழிலுக்கென்று சம்பளச் சபை இருக்கிறது. அதோடு தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதற்குக் குறைவாக எவருக்கும் கொடுப்பதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், எங்களிடமிருந்து 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு எங்களிடமிருந்து 3 வீதம் போகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே இது நடக்கிறது. பழகுகிற காலம் என்று காரணம் சொல்லித் தள்ளிப்போடுவதில்லை. சேமலாப நிதி அட்டையைக் கையில் வாங்கியபோது ஒருவர் அதைத் தன் மனைவியிடம் காட்ட அன்று வேலை முடியும் முன்பே வீட்டுக்குப் போய்வரக் கேட்டார். தன் பெயர் அரசாங்கத்தின் ஒரு புத்தகத்தில் நல்ல காரணத்துக்காக ஏறியிருக்கிறது என்றார்.

"இரக்கப்பட்டு வாங்க வேண்டுமா? விலையும் கூடவா?"

விலை மற்ற இடங்களின் விலைதான். தயவுசெய்து இரக்கப்பட்டு வாங்காதீர்கள். ஒரு முறை இரக்கத்துக்காக வாங்குபவர் மறுமுறை வருவதில்லை. ருசிக்காக வாங்குபவர் தினமும் வருவார். ரோஸ் பாண் நன்றாக இருந்தால் வாருங்கள், கருகியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

"காசுப் பெட்டியை அவர்களிடம் விடுவீர்களா? களவு போனால்?"

விடுகிறோம். பேக்கரியில் காசு தொடாதவர் எவரும் இல்லை. ஓட்டோவில் பாண் கொண்டு போகிறவர் திரும்பி வரும்போது அவர் கையில் அன்றைய விற்பனைப் பணம் இருக்கும். ஒவ்வொரு முறையும் பெட்டியை இருவர் எண்ணி, இருவரும் கையொப்பமிடுகிறோம். நான் எண்ணினாலும் அப்படித்தான். இந்த விதி சிறைக்குப் போய் வந்தவருக்கு என்று தனியாக இல்லாததால் அதில் எவருக்கும் அவமானம் இல்லை. காசு குறைந்த நாட்களில் இந்த விதி எங்களிடம் வேலை செய்பவர்களையே காப்பாற்றியிருக்கிறது. பெட்டியில் குறைவு வந்தால் யாரை நோக்கி விரல் நீளும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், எண்ணிக்கை இருவர் கையொப்பத்துடன் இருந்தால் விரல் நீள இடமில்லை.

களவும் நடந்திருக்கிறது. எடுத்தவர் ஒப்புக்கொண்டார், சம்பளத்தில் தவணையாகக் கழித்தோம், இன்றும் வேலை செய்கிறார். இன்னொருவர் ஒப்புக்கொள்ளாமல் நின்றுவிட்டார்.

"ஐஸ் பழக்கம் உள்ளவனைத் திருத்த முடியுமா? திரும்பவும் விழுந்தால் என்ன செய்வீர்கள்?"

பேக்கரி வைத்தியசாலை அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். போதைப்பழக்கம் மருத்துவமும் காலமும் தேவைப்படும் நோய். வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதற்கு நாங்கள் கூட்டிச் செல்வோம், அந்த நாட்களுக்கு விடுமுறை கொடுப்போம், வேலையை வைத்திருப்போம். அதற்கு மேல் மருத்துவரின் வேலை.

விழுவார்கள். எல்லோரும் அல்ல, ஆனால் விழுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சம்பள நாளை அடுத்து, அல்லது வீட்டில் ஒரு சண்டைக்குப் பிறகு. எங்கள் விதி இது: போதையில் வந்தால் அன்று போறணைக்கு அருகே விட மாட்டோம், வீட்டுக்கு அனுப்புவோம், அது அவருடைய பாதுகாப்புக்காகவும்தான். மறுநாள் தெளிவோடு வந்தால் வேலை இருக்கிறது. பேக்கரிக்குள் விற்றால் அல்லது இன்னொருவருக்குக் கொடுத்தால் வேலை இல்லை, அதில் இரண்டாம் வாய்ப்பும் இல்லை. ஏனென்றால் பக்கத்தில் நிற்பவர் எத்தனை சிரமப்பட்டு அதை விட்டார் என்பது எனக்குத் தெரியும். அவரைக் காப்பது என் முதல் கடமை. சிலர் சம்பளத்தைக் கையில் வாங்க வேண்டாமென்று தாங்களே கேட்டு, தாயின் அல்லது மனைவியின் கணக்குக்குப் போடச் சொல்கிறார்கள். எழுதிக் கையொப்பமிட்டால் போடுகிறோம், மனம் மாறினால் அடுத்த மாதமே நிறுத்தலாம்.

இரவு வேலையும் இங்கே உதவுகிறது. சந்திகள் உயிர்பெறும் நேரத்தில் இவர்கள் மாவோடு நிற்கிறார்கள்.

"நடுச்சாமத்தில் வீதியில் போனால் பொலிஸ் மறிக்காதா? தவணைக்கு எப்படிப் போவார்கள்?"

மறிப்பார்கள். படத்துடன் வேலை அடையாள அட்டை கொடுத்திருக்கிறோம், இரவுப் பட்டியலில் பெயர் இருக்கிறது, கேட்டால் தொலைபேசியில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. ஆரம்பத்தில் அடிக்கடி அழைப்பு வந்தது. இப்போது சோதனைச் சாவடியில் நிற்பவர்களும் எங்கள் பணிஸ் வாங்குகிறார்கள்.

தவணைகளைப் பொறுத்தவரை இந்த வேலை பொருந்துகிறது. விடியற்காலையில் வேலை முடியும், குளித்து உடை மாற்றி ஒன்பது மணிக்கு நீதவான் நீதிமன்றத்தில் நிற்கலாம். பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிட வேண்டியவர்களும் அப்படியே. தவணைத் திகதிகள் எல்லாம் மா மூடைகளுக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் சிவப்பில் குறித்திருக்கின்றன.

"பெண்களும் இருக்கிறார்களா?"

இருக்கிறார்கள், பகல் வேலையில். இரவு பத்து மணிக்குப் பிறகு தொழிற்சாலை வேலையில் பெண்களை அமர்த்துவதற்குத் தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதி தேவை. சீனிச்சம்பல் வதக்குவது, மீன் பணிஸ் உள்ளீடு, பொதி செய்வது எல்லாம் பகலில் நடக்கும்.

சிறைக்குப் போன ஆணை வீடு ஏதோ ஒரு விதத்தில் ஏற்றுக்கொள்கிறது. பெண்ணை ஏற்பதில்லை. பிள்ளைகள் உறவினர் வீட்டில் வளர்ந்து தாயை அடையாளம் தெரியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வேலையைவிட முதலில் தங்க ஓர் இடம் தேவைப்படுகிறது. அதை எங்களால் இன்னும் கொடுக்க முடியவில்லை. ஓர் அறை வாடகைக்குத் தரக்கூடியவர்கள் இதை வாசித்தால், கடைக்கு வந்து என்னிடம் பேசுங்கள்.

"எங்கள் ஒழுங்கைக்கு வரும் பாண் ஓட்டோக்காரர் யார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா? வீட்டில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்."

உங்கள் பயம் நியாயமானது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். குற்றத்தைக் கேட்பது இடத்தைத் தீர்மானிக்கத்தான் என்று மேலே சொன்னது இதற்காகவே. சிறுவர்களுக்கோ பெண்களுக்கோ எதிரான குற்றத்தில் தண்டிக்கப்பட்ட எவரையும் ஓட்டோவிலோ கடைமுகப்பிலோ பெண்கள் வேலை செய்யும் பகல் பகுதியிலோ நிறுத்துவதில்லை. இதில் விதிவிலக்குக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டோம்.

ஆனால் ஓட்டோ ஓட்டுபவரின் பழைய வழக்கை உங்களுக்குச் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் புதுப் பெயர் வைப்பார்கள். எங்களிடம் சிறைக்கே போகாதவர்களும் வேலை செய்கிறார்கள். யார் எவர் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பது நாங்கள் விரும்பிச் செய்த ஏற்பாடு. பெயர்களை இங்கே எழுதாததும் இதனால்தான்.

"ஒரு குற்றமும் செய்யாத என் மகன் உயர்தரம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறான். குற்றம் செய்தவனுக்கு வேலையா? இது என்ன நியாயம்?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அப்பாவுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் மத்திய கிழக்குக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்ததே. உங்கள் மகனின் கோபம் சரியானது.

அதற்கு என்னால் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் மகன் பத்து இடங்களில் விண்ணப்பித்தால் பத்து இடங்களிலும் அவனுடைய பெறுபேற்றைப் பார்ப்பார்கள். எங்களிடம் வருபவர் விண்ணப்பித்தால் பெறுபேற்றை எட்டும் முன்பே தாள் மடிக்கப்படும். இது இன்னொருவரிடமிருந்து பறித்துக் கொடுத்த வேலையும் அல்ல. மூடிக்கிடந்த போறணையில் புதிதாக உண்டான வேலை. வேலையும் வருமானமும் இல்லாமல் ஊரில் நிற்பவர் திரும்ப அதே வழிக்குப் போனால், களவு போவது நம் வீட்டிலிருந்துதான், சிறையில் சோறு போடுவதும் நம் வரிப்பணத்தில்தான். மேலே சொன்னபடி சிறைக்குப் போகாதவர்களையும் எடுக்கிறோம். உங்கள் மகன் பேக்கரித் தொழில் பழக விரும்பினால் அவனையும் அனுப்புங்கள், ஐயா.

"என் அண்ணனை வெட்டியவன் உங்கள் போறணையில் நின்றால், நான் அந்தப் பாணைச் சாப்பிட வேண்டுமா?"

வேண்டாம், தங்கச்சி. நீங்கள் சாப்பிட வேண்டியதும் இல்லை, மன்னிக்க வேண்டியதும் இல்லை, எங்களைப் புரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. மன்னிப்பு உங்களுடைய சொத்து. அதைக் கேட்டு உங்கள் வாசலுக்கு எவரும் வர மாட்டார்கள், வர விடமாட்டோம். பாதிக்கப்பட்டவரையும் குற்றம் செய்தவரையும் மேடையில் நிறுத்திக் கைகொடுக்க வைக்கும் நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மறுத்துவிட்டோம். எங்களுக்கு நீங்கள் சொன்னால், அவர் உங்கள் வீதியிலோ உங்கள் கண்ணில் படும் இடத்திலோ வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வோம். காரணம் கேட்க மாட்டோம்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது, 2023 இல் அது புதிதாக இயற்றப்பட்டது. அதற்கென்று தேசிய அதிகாரசபை இருக்கிறது, இழப்பீடு கோரவும் வழி உண்டு. நம் பக்கத்தில் பலருக்கு இது தெரியாது. விண்ணப்பம் எழுத உதவி தேவையானால் என்னிடம் வாருங்கள், கடைக்கு வர மனமில்லையென்றால் நான் வீட்டுக்கு வருகிறேன்.

"எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? பிறகு அவர்கள் எங்கே போவார்கள்?"

ஹோம்போயில் 18 மாதம் என்று சொன்னேன். நாங்கள் காலக்கெடு வைக்கவில்லை, ஆனால் போக விரும்புபவரை மகிழ்ச்சியோடு அனுப்புகிறோம். வேலையில் கற்ற திறமையைச் சோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. பேக்கர் தொழிலுக்கும் அது உண்டு. வகுப்பில் உட்காராமலே, முன்பு கற்றதை நிரூபித்து அதைப் பெறலாம். அந்தச் சான்றிதழோடு கல்முனையிலும் கொழும்பிலும் ஹோட்டல்களுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாடு போவது கடினம். பொலிஸ் நற்சான்று கேட்பார்கள், தண்டனை பெற்றிருந்தால் அது தடையாகலாம். விளக்கமறியலில் மட்டும் இருந்து விடுதலையானவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர் என்று முன்னர் சொன்னது இங்கே முக்கியமாகிறது. நீதிமன்றத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாக்குரிமை பற்றியும் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை அனுபவித்தவர், விடுதலையாகி ஏழு ஆண்டுகளுக்கு வாக்களிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 89 ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்குக் குறைந்த தண்டனை பெற்றவர்கள் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்கு இல்லை என்று தாங்களே முடிவுசெய்து ஒதுங்கி நிற்பவர்கள் அதிகம்.

"என் மகன் அடுத்த மாதம் வெளியே வருகிறான். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?"

முதலில், நீங்கள் போய் அழைத்து வாருங்கள், அம்மா. வாசலில் காத்திருப்பது பழைய கூட்டாளியாக இருக்கக் கூடாது. வெலிக்கடை போன்ற தூரச் சிறையிலிருந்து வருவதென்றால், விடுதலைத் திகதியை அங்குள்ள நலன்புரி உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். வெசாக், சுதந்திர தினம் போன்ற நாட்களில் பொதுமன்னிப்பில் திகதி முன்னே வரவும் கூடும். தேசிய அடையாள அட்டை தொலைந்திருந்தால் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை.

வந்த முதல் வாரம் அவன் அதிகம் தூங்கலாம், அல்லது தூங்கவே மாட்டான். வேலைக்குப் போ என்று அவசரப்படுத்த வேண்டாம். இரண்டாம் வாரத்தில் அவனே கேட்பான். அப்போது எங்களிடம் அனுப்புங்கள். காலையில் வர வேண்டாம், விற்பனை நேரம். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு வரட்டும், அடையாள அட்டையும் தவணைத் திகதி ஏதும் இருந்தால் அதுவும் போதும். இடம் இல்லாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதுவோம். பட்டியல் எப்போதும் நீளமாகவே இருக்கிறது. ஆகவே அவன் வரும் வரை காத்திருக்காமல் நீங்களே இந்த வாரம் வந்து பெயரைக் கொடுத்துவிட்டுப் போனால் நல்லது.